அழுதா சேத்துக்குவாக, ஆடுனா?

ஒரு பாட்டுத் தொகுப்பு நல்லா இருக்கா இல்லையா என்று சண்டை போடுவது சாதாரண விசயம். அது ஒரு இனத்துக்கே மானக்கேடு என்று சண்டை வந்தால் விசயம் வேறு. மானம் என்றால் என்ன, அதை யார் சுமக்கணும், யார் கண்ணுக்குக் காட்டுவதற்காகச் சுமக்கணும் என்ற கேள்விகள் அங்கே வந்துவிடுகின்றன. 2021இல் அமெரிக்காவில் 'மான்டெரோ' என்ற இசைத்தொகுப்பைச் சுற்றி நடந்தது அந்தச் சண்டைதான். கடல் தாண்டி நடந்த சண்டை. ஆனால் அதில் பேசப்பட்ட ஒவ்வொரு வசனமும் எனக்கு ஏற்கனவே கேட்ட வசனமாக இருந்தது.

பாடியவர் லில் நாஸ் எக்ஸ். 1999இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பு இளைஞர். வீட்டில் வைத்த பெயர் மான்டெரோ லமார் ஹில். அம்மா ஆசைப்பட்டும் வாங்க முடியாமல் போன ஒரு காரின் பெயர் மான்டெரோ. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார். வாங்க முடியாததைப் பிள்ளைக்குப் பேராக வைக்கிற தாய்மார் நம்ம தெருவிலும் உண்டு. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட, அட்லாண்டாவில் அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய பாங்க்ஹெட் குடியிருப்பில் சின்ன வயது கழிந்தது. நம்ம ஹவுசிங்போர்டு வீடுகள் மாதிரியான இடம். பிறகு தந்தையிடம் வளர்ந்தார். தந்தை தேவாலயத்தில் பக்திப்பாட்டுப் பாடுகிறவர்.

இவரை உலகம் அறிந்தது 'ஓல்ட் டவுன் ரோடு' என்ற பாட்டால். இணையத்தில் 30 டாலருக்கு வாங்கிய மெட்டின்மேல் எழுதிப் பாடி, 2018 டிசம்பரில் வெளியிட்டார். ராப்பும் கன்ட்ரியும் கலந்த பாட்டு. குதிரை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் அதில் வரும். 2019 மார்ச்சில் 'பில்போர்டு' பத்திரிகை அந்தப் பாட்டைத் தன் கன்ட்ரி தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டது. போதுமான அளவு கன்ட்ரி இசைக்கூறு இல்லை என்பது காரணம். கன்ட்ரி வெள்ளைக்காரக் கிராமத்தின் இசை என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. ஆனால் அந்த இசையின் அடையாளமான பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்த கருவி. கருவி வேணும், கருவிக்காரன் வேண்டாம். பறைக்கு எல்லை குறித்துவைத்த ஊர்களில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு வெள்ளைக்காரக் கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் பாட்டு 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவரை எந்தப் பாட்டும் அத்தனை வாரம் இருந்ததில்லை.

பாட்டு முதலிடத்தில் இருந்தபோதே, 2019 ஜூன் 30 அன்று, தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை அவர் வெளியில் சொன்னார். வயது இருபது. மேலே ஏறியபிறகு, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்று சொன்னார். அதுவரை குழந்தைகளின் செல்லப்பாட்டாக அதை வைத்திருந்த பெற்றோர்கள் பலருக்கு அப்போதிருந்தே பையன் கெட்டுப்போனான்.

2021 மார்ச் 26 அன்று வந்த 'மான்டெரோ' பாட்டும் படமும் சண்டையை முழுசாகத் திறந்துவிட்டன. ஏதேன் தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. பாம்பு வந்து மயக்குகிறது. தீர்ப்பு நடக்கிறது, கல்லெறிகிறார்கள். சொர்க்கத்துக்குப் போக வேண்டியவர் ஒரு கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே நரகத்துக்கு இறங்குகிறார். அங்கே சாத்தானின் மடியில் ஆடுகிறார். ஆடி முடித்ததும் அவன் கழுத்தை முறித்து, கொம்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். சின்ன வயசிலிருந்து "நீ நரகத்துக்குத்தான் போவே" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, "சரி, போறேன், போயி அங்க ராசாவா இருக்கேன்" என்று சொன்ன பதிலாகத்தான் எனக்கு அது பட்டது. பாட்டு வெளிவந்த அன்று தன் பதினாலு வயசு மான்டெரோவுக்கு அவர் ஒரு சின்னக் கடிதமும் எழுதினார். இந்த ரகசியத்தைச் செத்தாலும் வெளியில் சொல்லமாட்டேன் என்று அந்த வயசில் தங்களுக்குள் செய்துகொண்ட சத்தியத்தை அதில் நினைவுபடுத்தியிருந்தார். வேறு பிள்ளைகளுக்குக் கதவு திறக்கட்டும் என்றே இப்போது சொல்கிறேன் என்பது அதன் சாரம்.

சாத்தான் பேரில் ஒரு செருப்பு வியாபாரமும் நடந்தது. 666 சோடி. ஒரு சோடி 1018 டாலர். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மனித ரத்தம். தங்கள் செருப்பை வாங்கி மாற்றி விற்கிறார்கள் என்று நைக்கி கம்பெனி வழக்குப் போட்டு, பிறகு அது சமரசத்தில் முடிந்தது. தெற்கு டக்கோட்டா மாநில ஆளுநரே கண்டித்து எழுதினார். செப்டம்பர் 17 அன்று முழுத் தொகுப்பு வந்தது. பதினைந்து தடங்கள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு முன்னால் கர்ப்பிணி வயிற்றோடு படம் எடுத்து வெளியிட்டு, தொகுப்பைத் தன் பிள்ளை என்றார். அதிலும் ஒரு சண்டை. பெண்களைக் கேலி செய்கிறான் என்றார்கள் சிலர், ஆண்மையைக் கேவலப்படுத்துகிறான் என்றார்கள் சிலர். ஒரே வயிறு, இரண்டு பேருக்கும் உறுத்தியது.

வெள்ளைக்காரப் பழமைவாதிகள் திட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். தொகுப்பு விற்பனைத் தரவரிசையில் இரண்டாவது இடத்தில் நுழைந்தது. முதலிடத்தில் டிரேக் இருந்தார். குறைப்பட்ட விமர்சகர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பாட்டைவிட விளம்பரம் பெரிதாக இருக்கிறது, பாட்டுகள் குட்டைகுட்டையாக முடிகின்றன, ராப்பா கிதார் பாப்பா என்று தெரியாமல் எல்லாம் கலந்துகிடக்கிறது என்றார்கள். இவை பாட்டைப் பற்றிய பேச்சு. பேசலாம்.

என்னைத் தூங்கவிடாதது கறுப்பர்களுக்குள் நடந்த பேச்சு. மூத்த ராப் பாடகர்கள் சிலர் வெளிப்படையாகவே ஏசினார்கள். நம்ம பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றார்கள். கறுப்பு ஆணை ஆண் இல்லாமல் ஆக்குவது வெள்ளைக்காரனின் பழைய சதி, இவன் அதற்குக் கருவி ஆகிவிட்டான் என்றார்கள். ஜூன் 27 அன்று கறுப்பர் தொலைக்காட்சியான பெட்டின் விருதுவிழாவில், எகிப்து அரசவை மாதிரி போட்ட மேடையில் பாடி முடித்து, கூட ஆடிய ஆணுக்கு முத்தம் கொடுத்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டை அவமதித்துவிட்டான் என்றார்கள்.

எங்கள் வாசகர் வட்டத்தில் கறுப்பர் இலக்கியம் பேசுவது நெடுநாள் வழக்கம். ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் இந்தப் பாட்டின் படத்தைச் செல்போனில் போட்டுக்காட்டினார். பாதியிலேயே ஒரு மூத்த தோழர் எழுந்துவிட்டார். "இதுக்காகவாய்யா மால்கம் எக்ஸ் செத்தாரு?" என்றார். மாணவர், "ஏன் அண்ணே, அவரு இதுக்காகவும் சேத்துச் செத்துருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பாதிப்பேர் சிரித்தார்கள். பாதிப்பேர் சிரிக்கவில்லை. அந்த மூத்த தோழர் லேசான ஆள் இல்லை. வழக்கு வாங்கியவர், சிறை பார்த்தவர். அவர் கோபத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசணும்.

வெள்ளைச் சமூகம் கறுப்பு ஆணின் உடம்பைப் பற்றிக் கதை கட்டியே அவனைக் கொன்றது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினாலு வயசுப் பிள்ளையைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்பது சாட்டப்பட்ட குற்றம். உடம்பைப் பற்றிய அவதூறே மரணதண்டனையாக இருந்த சமூகத்தில், ஒழுங்காக உடுத்து, ஒழுங்காகப் பேசு, யாரும் விரல்நீட்டாதபடி இரு என்று பெரியவர்கள் சொன்னது பயத்தில் பிறந்த அறிவு. நம்ம வீட்டுப் பெரியவர்கள் "சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போ, அவனுகளுக்கு வாயில அவல் குடுக்காத" என்று சொன்னதும் அந்த அறிவுதான். ஒழுக்கம் நமக்கு ஒரு கேடயமாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கேடயத்துக்கு அடியில் யார் நசுங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதே 1955 மார்ச்சில், மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளைக்காரிக்கு இடம்விட மறுத்துக் கைதானவர் கிளாடெட் கோல்வின். வயது பதினைந்து. ரோசா பார்க்ஸ் அதே காரியத்தைச் செய்து கைதானது ஒன்பது மாசம் கழித்து, டிசம்பரில். போராட்டத்தின் முகமாகப் பார்க்ஸை வைத்தார்கள், கோல்வினை வைக்கவில்லை. அவர் சிறுமி, ஏழை வீட்டுப்பிள்ளை, கல்யாணம் ஆகாமலே கர்ப்பமாகியும் இருந்தார். வெள்ளைக்காரன் அதைப் பிடித்துக்கொள்வான் என்று தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் பேருந்தில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1956இல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் வாதியாக நின்ற பெண்களில் கோல்வினும் ஒருவர். வழக்குக்கு ஆகும், படத்துக்கு ஆகாது.

பேயார்ட் ரஸ்டின் கதை இன்னும் கொடுமை. அகிம்சைப் போராட்ட முறையை மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். 1948இல் இந்தியாவுக்கு வந்துபோனவர். ஆண்களை விரும்புகிறவர். அதற்காக 1953இல் கலிபோர்னியாவில் கைதாகிச் சிறையிலும் இருந்தார். 1960இல், ஒரு போராட்டத்தைக் கைவிட வைப்பதற்காக, கிங்குக்கும் ரஸ்டினுக்கும் உறவு என்று பொய்க்கதை பரப்புவேன் என்று மிரட்டினார் ஆடம் கிளேட்டன் பவல். அவர் கறுப்பர்களின் பெரிய தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர். கிங் ரஸ்டினை விட்டு விலகினார். 1963 ஆகஸ்டு 28 வாஷிங்டன் பேரணி வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேல் திரண்ட கூட்டம். அதை ஒழுங்குசெய்யத் தெரிந்த ஆள் ரஸ்டின்தான். மறுபடியும் வந்தார். நிறவெறியரான ஸ்ட்ராம் தர்மண்ட் செனட் சபையில் எழுந்து அவருடைய பழைய வழக்கை ஊருக்கே வாசித்துக் காட்டினார். இந்தமுறை பேரணியின் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் ரஸ்டினை விட்டுக்கொடுக்கவில்லை. பேரணி நடந்தது. கிங்கின் பேச்சு உலகம் முழுக்கத் தெரியும். மேடை போட்ட மனுசன் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரஸ்டினை மிரட்டப் பவல் எடுத்த ஆயுதமும் தர்மண்ட் எடுத்த ஆயுதமும் ஒன்று. ஒருவர் கறுப்பர், ஒருவர் நிறவெறியர். 'மானம்' என்ற ஆயுதத்துக்கு இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது. கூர் மட்டும் ஒரே ஆள் பக்கம் திரும்பியிருக்கிறது.

கறுப்பர் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். தன்பால் ஈர்ப்பு 2021இல் வெளியிலிருந்து வந்து புகுந்தது என்பது வரலாறு தெரியாத பேச்சு. புளூஸ் பாடிய மா ரெய்னி 1928இலேயே பெண்களோடு சுற்றுவதைப் பற்றிப் பாட்டுப் பதிவுசெய்தார். அந்தத் தட்டின் விளம்பரப் படத்தில் ஆண் உடையில் அவர் நிற்பார், தூரத்தில் போலீஸ்காரன் பார்த்துக்கொண்டிருப்பான். லில் நாஸ் எக்ஸ் பிறந்த அதே ஜார்ஜியாவில் பிறந்தவர் லிட்டில் ரிச்சர்டு. ராக் இசைக்கே தகப்பன்களில் ஒருவர். 1955இல் அவரைப் பெரிய ஆளாக்கிய 'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டு முதலில் விடுதிகளில் பாடிய கொச்சையான பாட்டு. வரிகளைக் கழுவி வெள்ளையாக்கித்தான் பதிவு செய்தார்கள். முகத்துக்கு மை பூசி, உதட்டுக்குச் சாயம் பூசி ஆடிய அந்த மனுசன், பிறகு மதத்துக்குள் போய்த் தன் ஆசையைத் தானே பாவம் என்று பேசினார். ஆடுவார், திரும்ப மன்னிப்புக் கேட்பார், திரும்ப ஆடுவார். 2020இல் இறந்தார். அவர் இறந்து ஒரு வருசம்கூட ஆகாத நேரத்தில், மன்னிப்புக் கேட்காமல் நரகத்துக்குச் சறுக்கிக்கொண்டு போனான் இந்தப் பையன்.

இன்னொரு ஒப்பீடும் வேணும். 2012 ஜூலையில் ஃபிராங்க் ஓஷன் என்ற கறுப்புப் பாடகர், தன் முதல் காதல் ஒரு ஆணிடம் என்று திறந்த கடிதம் எழுதினார். அந்த மாசமே 'சேனல் ஆரஞ்ச்' தொகுப்பு வந்தது. முணுமுணுப்பு இருந்தது. ஆனால் பெரிய பெரிய கறுப்புப் பாடகர்கள் ஆதரவு சொன்னார்கள், தொகுப்பு கிராமி விருது வாங்கியது. அது அருமையான தொகுப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் வருகிற காதல், கைகூடாத காதல். அழுகிற காதல். லில் நாஸ் எக்ஸ் அழாமல் வந்தார், இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தார். சண்டை அங்கேதான் பற்றியது. துக்கப்படுகிறவனைச் சகித்துக்கொள்வார்கள். சந்தோசப்படுகிறவனைத்தான் தாங்க முடியாது.

இது நமக்குத் தெரியாததா? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, இது என்ன மொழி, இது இலக்கியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நம்ம வலியை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்களுக்கு, நம்ம சிரிப்பும் வசவும் காதில் குத்தின. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதி எதிர்ப்பண்பாடு பற்றிப் பேசினார். அவர்கள் அசிங்கம் என்று ஒதுக்கியதைக் கையில் எடுத்துக் கலகம் செய்வது பற்றி அன்றைக்கு நம்ம பத்திரிகைகளில் எத்தனை விவாதம்! மேலே உள்ளவன் வைத்த புனிதத்தை உடைக்கணும் என்று எழுதினோம். ஆனால் நம்ம வீட்டுக்குள், நம்ம மேடைக்குள், அந்தப் புனிதத்தை யார் மேல் ஏற்றிவைத்தோம்?

எங்கள் பகுதி மாலைப்பள்ளியில் ஒரு பையன் இருந்தான். பறையடிப்பதில் கெட்டிக்காரன். அடிக்கும்போது உடம்பு தானாக நெளியும், கை தானாகச் சுழலும். பாக்கப் பாக்க ஆசையாக இருக்கும். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்கு ஒத்திகை நடந்தது. விழாவை நடத்தியவர்களில் சிலர் என்னிடம் வந்து, "அவன் பின்னால நின்னு அடிக்கட்டும். முன்னால வந்து ஆட வேண்டாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "ஊர்க்காரன் பூராம் பாப்பான். ஏற்கனவே நம்மள ஆளா மதிக்க மாட்டேங்குறான். இவன் வேற பொம்பள மாதிரி ஆடுனா, சேரிக்காரனே ஒம்போதும்பான்" என்றார்கள். "ஊர்க்காரன் கண்ணுக்காகவா நாம பறையடிக்கிறோம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அன்றைக்குப் பின்வரிசையில் நின்று அடித்தான். கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு அடித்தான். தாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்குப் பிறகு அவன் பறையைத் தொடவில்லை. பத்தாவது முடித்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அவனை விரட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவனுக்கு நோட்டு வாங்கிக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஊரின் கண்ணைத் தங்கள் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒடுக்கப்பட்டவனின் மானம் எப்போதும் ஒடுக்குகிறவன் கண்ணாடியில் பார்த்தே அளக்கப்படுகிறது. அந்தக் கண்ணாடியில் நன்றாகத் தெரிவதற்காக நம்மில் சிலரைப் பின்வரிசைக்கு அனுப்புகிறோம். பெண்களை, நடனமாடுகிற பையன்களை, திருநங்கைகளை.

இப்போது தொகுப்புக்குள் வருகிறேன். சண்டை போட்டவர்களில் பலர் முதல் பாட்டையும் மூன்றாவது பாட்டையும் தாண்டவில்லை என்பது என் சந்தேகம். மூன்றாவது 'இண்டஸ்ட்ரி பேபி'. எக்காளம் முழங்குகிற பாட்டு. படம் சிறைக்குள் நடக்கிறது, குளியலறையில் ஆண்கள் அம்மணமாக ஆடுவார்கள். திட்டியவர்கள் அதைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டோடு சேர்த்து, ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே கிடப்பவர்களை மீட்கிற அமைப்புக்கு நிதி திரட்டியதைப் பார்க்கவில்லை. அமெரிக்கச் சிறைகளில் பணமில்லாமல் கிடப்பவர்களில் கறுப்பர் எத்தனை பேர் என்று அந்த மூத்த பாடகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தொகுப்பின் உயிர் பின்பாதியில் இருக்கிறது. பத்தாவது பாட்டு 'டேல்ஸ் ஆஃப் டொமினிகா', உடைந்த வீட்டைப் பற்றியது. அதற்கும் முன்னால் இரண்டாவது பாட்டிலேயே தாயோடு இருக்கிற காயத்தைப் பேசியிருப்பார். பதினோராவது 'சன் கோஸ் டவுன்'. அதில் ஒரு சிறுவன் சாக நினைக்கிறான். ஆண்மேல் வருகிற ஆசையை எடுத்துவிடு என்று கடவுளிடம் கெஞ்சுகிறான். அதே மூச்சில் தன் கறுப்புத் தோலையும் தடித்த உதட்டையும் வெறுக்கிறான். இந்த இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். தோலின் வெறுப்பும் ஆசையின் வெறுப்பும் அந்தப் பிள்ளைக்குத் தனித்தனி அறையில் இல்லை. ஒரே படுக்கையில் படுத்துக்கிடக்கின்றன. நாமதான் இனப் பிரச்சினைக்கு ஒரு கூட்டம், பாலியல் பிரச்சினைக்கு ஒரு கூட்டம், முதலாவது முடிந்தபிறகு இரண்டாவது என்று நிகழ்ச்சிநிரல் போடுகிறோம். பன்னிரண்டு வயசில் சாகணும் என்று நினைக்கிற பிள்ளைக்கு நிகழ்ச்சிநிரல் தெரியாது.

கொண்டாடியவர்களும் இந்தப் பாதியைச் சரியாகக் கேட்கவில்லை. அவர்களுக்கு நரகத்துக் கம்பம் போதும், துணிச்சல் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடுப்பைத்தான் பார்த்தார்கள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பின்பாதி சொல்கிறது. செத்துப்போகாமல் தப்பித்த உடம்பு அது. தப்பித்ததற்காக ஆடுகிறது.

தொகுப்பில் கூடப் பாடியவர்கள் யார் என்பதும் ஒரு சண்டையானது. டோஜா கேட், மேகன் தீ ஸ்டாலியன், மைலி சைரஸ், ஜாக் ஹார்லோ. பியானோவுக்கு எல்டன் ஜான். கூடப் பாட ஒரு கறுப்பு ஆண்கூட ஏன் இல்லை என்று கேட்டார்கள். அவர்களில் நிறையப்பேருக்கு என்னோடு பாட விருப்பமில்லாமல் இருக்கலாமே என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்த ஜூலையில்தான், மயாமி மேடையில் டாபேபி என்ற பெரிய ராப் பாடகர் எச்.ஐ.வி. உள்ளவர்களை இழிவாகப் பேசினார். அந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நக்கல் இல்லை. பந்தியில் ஏன் தனியாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்கிறவனிடம், பக்கத்தில் யாரும் உட்காரவில்லையே என்று சொல்வது மாதிரி.

2022 ஏப்ரலில் கிராமி விருதுக்கு ஐந்து பிரிவில் பெயர் வந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருது ஜான் பட்டீஸ்ட் என்ற கறுப்புக் கலைஞருக்கே போனது. ஆகவே அதை நிறவெறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு பெட் விருதுகளில் ஒரு பிரிவில்கூட அவர் பெயர் இல்லை. அதை அவர் வெளிப்படையாகவே கோபித்தார். சொந்த வீட்டு வாசலில் நிற்கிற கோபம் அது.

சந்தைக்கு வருவோம். வெளியிட்டது கொலம்பியா நிறுவனம், அதன் முதலாளி சோனி. 1018 டாலருக்குச் சாத்தான் செருப்பு வாங்குகிறவன் பாங்க்ஹெட் குடியிருப்பில் இல்லை. கலகத்தையும் பொட்டலம் கட்டி விற்கத் தெரிந்தவன் முதலாளி. இதைச் சொல்கிற தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒன்று கேட்கணும். கறுப்பு ஆண்கள் துப்பாக்கியையும் பெண்ணுடம்பையும் பாடி அதே நிறுவனங்களில் விற்றபோது இத்தனை பேர் சந்தையைப் பற்றிப் பேசினார்களா? சந்தை பற்றிய அறிவு சிலருக்கு ஒரு ஆண் இன்னொரு ஆணை முத்தமிடும்போது மட்டும் விழித்துக்கொள்கிறது.

நமக்கு வேண்டிய பதில் கறுப்பர் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. 1968இல் பிளாக் பாந்தர் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர் தன் நூலில் ஜேம்ஸ் பால்ட்வின்னைத் தாக்கினார். ஆணை விரும்புவதையே இனத் துரோகமாகவும் நோயாகவும் எழுதினார். அதே கட்சியின் தலைவர் ஹ்யூயி நியூட்டன், 1970 ஆகஸ்டு 15 அன்று ஒரு உரை கொடுத்தார். பெண் விடுதலை இயக்கத்தோடும் தன்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கத்தோடும் கூட்டணி வேண்டும் என்றார். ஆண்களாகிய நமக்குள் இருக்கிற பயத்தை ஒப்புக்கொள்வோம், அவர்களை இழிவுபடுத்தும் சொற்களை நம் பேச்சிலிருந்து எடுப்போம் என்றார். சமூகத்தில் மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் அவர்களாகவே இருக்கலாம் என்றும் சொன்னார். துப்பாக்கி ஏந்திய கட்சியின் தலைவர், 1970இல் சொன்னது. ஒரே கட்சிக்குள் கிளீவரும் உண்டு, நியூட்டனும் உண்டு.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் பாந்தர் என்று பெயர் வைத்தபோது அந்தக் கட்சியிடமிருந்துதான் பெயரை எடுத்தார்கள். அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. சிறுத்தை படம் நம்ம சுவரில் எல்லாம் ஏறியது. பெயரை எடுத்துக்கொண்டோம், கோபத்தை எடுத்துக்கொண்டோம். நியூட்டனின் அந்த உரையை மட்டும் கடலிலேயே விட்டுவிட்டோம். அது தமிழில் வரணும். படிப்பு வட்டங்களில் வாசிக்கணும். மூத்த தோழர் எழுந்துபோனால் போகட்டும், அவர் திரும்பி வருவார். வழக்கும் சிறையும் பார்த்த மனுசனுக்கு ஒரு உரையைக் கேட்கிற தெம்பு இல்லாமலா போகும்?

'மான்டெரோ' மகத்தான தொகுப்பா? இல்லை. நான்கைந்து பாட்டுகள் தேறும், மற்றவை காற்றோடு போகும். ஆனால் அந்தப் பதினோராவது பாட்டைக் கேட்டு, ஏதோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை ராத்திரியைத் தாண்டியிருக்கும். விடுதலை வந்தபிறகு உன் விசயத்தைப் பேசலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிற ஏப்ரலுக்கு ஒத்திகை தொடங்கும்போது, முன்வரிசையில் யார் நிற்கட்டும் என்ற பேச்சு மறுபடி வரும். பறை பிடித்திருக்கிற பிள்ளைகளையே கேட்போம். அவர்கள் உடம்பு எப்படி ஆடுமோ அப்படி ஆடட்டும். பார்க்கிறவன் பார்க்கட்டும்.